ஏஜெண்ட் காதில் விழும்படி

தேர்தல் வேலை முடிந்து பள்ளிக்கூடம் திரும்பியதும், பெற்றோரில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். "டீச்சர், நீங்க உள்ளயே இருந்தீங்கள்ல, அந்த மெஷின்ல எதுவும் பண்ண முடியுமா?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "அன்னிக்குக் காலைல அஞ்சரைக்கு உங்க கட்சிக்காரர் யாராச்சும் பூத்துக்குள்ள இருந்தாங்களா?" பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஏழு மணிக்கு முன்னால் உள்ளே ஏதாவது நடக்கும் என்பதையே பலர் கேள்விப்பட்டதில்லை. கட்சிக் கரை வேட்டி கட்டி வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியை. வாக்குச்சாவடியில் பி3, அதாவது மூன்றாம் வாக்குப்பதிவு அலுவலர் ஆகத் தொடங்கி, பி2, பி1 நாற்காலிகளில் உட்கார்ந்து, பிறகு சாவடிக்கே பொறுப்பான தலைமை அலுவலர் ஆனவள். சட்டத்தில் எங்கள் வேலையை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, வாக்குச்சாவடியில் ஒழுங்கைக் காப்பதும் வாக்குப்பதிவு நேர்மையாக நடப்பதைப் பார்த்துக்கொள்வதும் தலைமை அலுவலரின் கடமை என்கிறது. 28ஆவது பிரிவு, அவருக்கு உதவுவது மற்ற அலுவலர்களின் கடமை என்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த 'நேர்மையாக' என்ற சொல்லை நாள் முழுக்கச் செயலில் காட்டியாக வேண்டும். எங்கள் மனசுக்குள் நேர்மையாக இருந்தால் போதாது. நாங்கள் செய்கிற ஒவ்வொன்றும் அங்கே வேட்பாளர்கள் சார்பில் உட்கார்ந்திருக்கிற ஏஜெண்டுகளின் கண்ணில் பட வேண்டும், காதில் விழ வேண்டும். இத்தனை தேர்தல் பார்த்த பிறகு, எங்கள் வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்த பூத் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. கணினிக் குலுக்கலில் முதலில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அடுத்து எந்தத் தொகுதி என்று முடிவாகும், கடைசிக் கட்டத்தில்தான் பூத். அதனால் மதுரை நகரத்துக்காரிக்கு மேலூர் விழும், திருமங்கலம் விழும், உசிலம்பட்டி விழும். இதில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மதுரை மாவட்டத்தில் பத்து சட்டமன்றத் தொகுதிகள் இருந்தாலும், மதுரை மக்களவைத் தொகுதிக்குள் வருவது ஆறுதான். திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரில் சேரும். சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியில் சேரும். மதுரை மேற்கில் ஓட்டு உள்ள ஒருவருக்கு மக்களவைத் தேர்தலில் மேலூரில் வேலை விழுந்தால், தேர்தல் பணிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, வேலை பார்க்கிற பூத்திலேயே மெஷினில் ஓட்டுப் போடலாம். திருமங்கலம் விழுந்தால் தபால் ஓட்டுதான். படிவம் 12-ஐப் பயிற்சி வகுப்பிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாள் முழுக்க ஊரார் ஓட்டுப் போட உதவிவிட்டுத் தன் ஓட்டை விட்டுவிட்டு வந்த ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தாங்கவே தாங்காது.

முதல் நாள் பொருட்கள் கொடுக்கிற இடம் திருவிழாக் கூட்டமாக இருக்கும். ஆனாலும் அங்கே அவசரப்படக் கூடாது. மெஷின்களின் எண் நம் தாளில் உள்ள எண்தானா, வாக்காளர் பட்டியல் நம் பூத்தின் பாகத்துக்கு உரியதுதானா, மெஷினுக்கு சீல் வைக்கிற பச்சைத் தாள் முத்திரையும் சிறப்பு அட்டையும் அரக்கும் இருக்கிறதா, எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, இல்லாத முத்திரைக்கு ஜோனல் ஆபீசருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தால் ராத்திரி போய்விடும்.

பள்ளியில் இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது ஜன்னல். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் கருவியின் மேல் வெயிலோ பல்பு வெளிச்சமோ நேராக விழக் கூடாது. உள்ளே இருக்கிற உணர்கருவி ஏமாந்துவிடும், மெஷின் பிழை காட்டும். அதே சமயம், ஓட்டுப் போடும் மறைவிடத்துக்கு எதிரே ஜன்னல் இருந்தால் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கலாம். ஓட்டுப் போடுபவர் பட்டனைப் பார்க்க வெளிச்சமும் வேண்டும். இந்த மூன்றும் சேரும் மூலையைக் கண்டுபிடித்து மேசை போடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கிராம உதவியாளர் நல்லவராக அமைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சாப்பாட்டுக்கு நான் சத்துணவு அமைப்பாளரிடம் காசு கொடுத்துச் சொல்லிவிடுவேன். ஊர்ப் பெரியவர் யாராவது, "எங்க ஊருக்கு வந்திருக்கீக, வீட்டுல சாப்பிட்டாத்தான் ஆச்சு" என்று பாசமாகத்தான் கூப்பிடுவார். அவர் எந்தக் கட்சி என்று நமக்குத் தெரியாது, ஆனால் ஊருக்குத் தெரியும். வணங்கிவிட்டு மறுத்துவிட வேண்டும்.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. அந்த ஒன்றரை மணி நேரம்தான் நான் பெற்றோர்களிடம் கேட்கிற விஷயம். குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் ஏஜெண்டுகளாவது இருக்க வேண்டும். வரவில்லை என்றால் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தொடங்கலாம். குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், நோட்டா உட்பட எல்லா பட்டனுக்கும் விழ வேண்டும். யார் யாருக்கு எத்தனை போட்டோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வருவோம். பிறகு மெஷினை மூடி, முடிவைக் காட்டச் செய்து, விவிபேட் பெட்டியில் விழுந்த சீட்டுகளை மேசையில் கொட்டி எண்ணுவோம். தாளும் மெஷினும் சீட்டும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனதும் 'கிளியர்' பட்டனை அழுத்தி எல்லாம் பூஜ்யம் ஆனதைக் காட்ட வேண்டும். சீட்டுகளின் பின்பக்கம் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு மூடி, விவிபேட் பெட்டி காலி என்பதை ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் திறந்து காட்டிவிட்டு, அப்புறம்தான் சீல் வைப்பது.

இந்த 'கிளியர்' பட்டனை மறந்துவிட்டு ஏழு மணிக்குத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? மாதிரி ஓட்டுகள் நிஜ ஓட்டுகளோடு கலந்துவிடும். எண்ணிக்கை நாளில் அந்த மெஷினைத் தனியாக எடுத்து வைக்க வேண்டிவரும். ஒரு ஊரே வரிசையில் நின்று போட்ட ஓட்டு சந்தேகத்தில் தொங்கும். அதனால் நான் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்வேன். "இப்ப குளோஸ் அழுத்துறேன். ரிசல்ட் பாருங்க. இப்ப கிளியர். மொத்தம் எவ்வளவு காட்டுது, சொல்லுங்க." பூஜ்யம் என்று ஏஜெண்ட் வாயால் சொல்ல வைத்துவிட்டால், பிறகு எனக்கும் மறக்காது, அவருக்கும் சந்தேகம் வராது. பச்சைத் தாள் முத்திரையின் எண்ணையும் அப்படித்தான் ஒவ்வோர் இலக்கமாக வாசிப்பேன். "எழுதிக்கங்க" என்று சொல்லி, எழுதி முடிக்கும்வரை நிற்பேன். எண்ணிக்கை நாளில், அதே எண் அதே முத்திரையில் இருக்கிறதா என்று பார்க்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. எண்ணை எழுதி வைக்காவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏழு மணி. முதல் நாற்காலி பி1. அவரிடம் இருப்பது வாக்காளர் பட்டியலின் குறியிடப்படும் பிரதி. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்து, பாகத்தில் உள்ள வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசிக்க வேண்டும். சிவப்பு மையில் கோடு போட வேண்டும், பெண் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி வட்டமும். பூத் சிலிப் மட்டும் கொண்டுவந்தால் போதாது, 2019 முதல் அது அடையாள ஆவணம் கிடையாது. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கிப் புத்தகம், இப்படி ஏதாவது ஒன்று வேண்டும்.

இந்த 'உரக்க' என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காலையில் கணீரென்று தொடங்கும் குரல் பதினொரு மணிக்குத் தேய்ந்து, மத்தியானம் முணுமுணுப்பாகிவிடும். தொண்டை வறண்டுவிடும், பாவம், குறை சொல்ல முடியாது. ஆனால் பெயர் காதில் விழாவிட்டால் ஏஜெண்ட் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்? அவர் தன் பட்டியலில் குறிக்க வேண்டும். "அந்த ஆளு செத்துப் போயி ரெண்டு வருசமாச்சே" என்று சொல்லக்கூடியவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். வெளியூரிலிருந்து வந்த நமக்கு யாரைத் தெரியும்? அதிலும் எங்கள் பக்கத்துப் பட்டியல்களில் ஒரே பக்கத்தில் பாண்டியம்மாள் மூன்று பேர் இருப்பார்கள். அழகர்கோவில், மேலூர் பக்கம் போனால் அழகர், அழகர்சாமி, அழகம்மாள் என்று வரிசையாக வரும். தகப்பன் பெயர், புருஷன் பெயர் சேர்த்து வாசித்தால்தான் ஆள் யாரென்று தெரியும். பி1 நாற்காலியில் உட்காருபவருக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு பெரிய தண்ணீர்ச் செம்பு. மத்தியானம் அரை மணி நேரம் நானே மாறி உட்கார்ந்து வாசிப்பேன். குரலுக்கு ஓய்வு வேண்டும்.

பெயர் சரியாக வாசிக்கப்படாத பூத்தில்தான் சாயங்காலம் ஒருவர் வந்து நிற்பார். "என் ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்க." சில ஆண்டுகளாக 49பி (49P) என்ற விதியின் எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டார், நீங்கள்தான் உண்மையான ஆள் என்று தலைமை அலுவலர் கேள்வி கேட்டுத் திருப்தி அடைந்தால், உங்களுக்கு ஒரு காகித வாக்குச்சீட்டு தரப்படும். மெஷினில் போட முடியாது. அந்தச் சீட்டு தனி உறையில் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றம் கேட்டால்தான் திறக்கும். இதை உள்ளபடி அவரிடம் சொல்லிவிட வேண்டும். "உங்க ஓட்டு எண்ணப்பட்டுரும்" என்று பொய் சொல்லி அனுப்பக் கூடாது. பட்டியலில் பெயரே இல்லாதவர் இந்த விதியைக் காட்டி ஓட்டுப் போடவும் முடியாது. அப்படி முடியும் என்று தேர்தலுக்குத் தேர்தல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பி வெயிலில் நின்று வந்தவரிடம் இல்லை என்று சொல்வதுதான் அந்த நாளிலேயே கஷ்டமான வேலை.

இன்னொன்றும் உண்டு. வந்திருக்கும் ஆள் அவர் இல்லை என்று ஏஜெண்ட் ஆட்சேபம் சொல்லலாம். அதற்கு 2 ரூபாய் கட்ட வேண்டும். தொகை சிறியது என்று அலட்சியம் கூடாது, ரசீது போட்டு, அந்த இடத்திலேயே விசாரித்து, முடிவு சொல்ல வேண்டும்.

இரண்டாவது நாற்காலி பி2. இடது ஆள்காட்டி விரலில் மை, வாக்காளர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து அல்லது கைநாட்டு, அப்புறம் வாக்காளர் சீட்டு. மை மைசூரிலிருந்து வருகிறது. மைசூர் பெயிண்ட்ஸ் என்ற கர்நாடக அரசு நிறுவனம் 1962 முதல் செய்துகொடுக்கிறது. அதில் உள்ள வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு வெளிச்சம் கண்டதும் கறுத்துவிடும். மைப்புட்டி கவிழாமல் இருக்க மணல் நிரப்பிய குவளையில் செருகி வைப்போம். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் மை பிடிக்காது, துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். நகத்தின் மேல் தொடங்கி முதல் கணு வரை ஒரு கோடு. மல்லிகைத் தோட்டம் உள்ள ஊர்களில் பெண்கள் விடியலுக்கு முன் பூப்பறிக்கப் போய்விடுவார்கள், எட்டரை ஒன்பதுக்கு மேல் மொத்தமாக வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் பி2 கை ஓடினாலும் கண் நிதானமாக இருக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு வரி மாறினால், சாயங்காலம் கணக்கு இடிக்கும்.

மூன்றாவது நாற்காலியைச் சும்மா பட்டன் அமுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் ஒரு முறை அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும். சீட்டை வாங்கி, விரல் மையைப் பார்த்து, உள்ளே இருப்பவர் வெளியே வந்த பிறகே, அடுத்த ஓட்டுக்கு மெஷினைத் தயாராக்கும் 'பேலட்' பட்டனை அழுத்த வேண்டும். வாக்காளர் நீலப் பட்டனை அழுத்தியதும் விவிபேட் கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரியும், வெட்டி விழும், பிறகுதான் 'பீப்' சத்தம். வயதானவர்கள் பட்டனை விட்டுவிட்டுச் சின்னத்தின் மேலேயே அமுக்கிக்கொண்டு நிற்பார்கள். சத்தமே வராது. "ஆத்தா, படத்துல இல்ல, பக்கத்துல நீலமா இருக்குல்ல, அதை அமுக்குங்க" என்று நாற்காலியிலிருந்தே சொல்லலாம். வெளியே வைத்திருக்கிற அட்டை மாதிரியில் காட்டலாம். உதவுகிறேன் என்று நாமே தனியாக மறைவிடத்துக்குள் போகக் கூடாது. ஒரு ஊரில் ஒரு அப்பத்தா என் கையைப் பிடித்து இழுத்தார். "கண்ணு தெரியலத்தா, நீயே வந்து அமுக்கி விட்டுரு தாயி." எவ்வளவு கெஞ்சினாலும் அலுவலர் துணையாகப் போக முடியாது. பார்வை இல்லாதவரோ, உடல் தளர்ந்து தானாக அழுத்த முடியாதவரோ, 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். அந்த ஒருவர், அன்றைக்கு வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை, ஓட்டு விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அப்பத்தாவின் பேத்தியை வரவழைத்தோம். வாசலில் நின்று "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று முன்வந்த கட்சிக்காரரை விடவில்லை, அவர் காலையிலேயே ஒருவருக்குத் துணையாக வந்துவிட்டார். அவருக்குக் கோபம். எழுதி வாங்கிய படிவத்தை எடுத்துக் காட்டினேன், போய்விட்டார்.

உசிலம்பட்டிப் பக்கம் வேலை விழும்போதெல்லாம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நினைவு வரும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சிகளில் 1996 தொடங்கி பத்தாண்டு காலம் தலைவர் தேர்தல் முறையாக நடக்கவிடவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், மற்றதை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஆனால் மேசையில் உட்காருவது எப்போதும் எங்களைப் போன்றவர்கள்தான். வரிசையில் நிற்பவரின் தெரு எது என்று அறிந்து ஒருவரை "வாங்கய்யா" என்றும் இன்னொருவரை "வா" என்றும் கூப்பிடுகிற பழக்கம் அந்த அறைக்குள் நுழையவே கூடாது. என் குழுவில் எல்லோரையும் 'வாங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுவேன்.

2019ஐயும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். அன்றைக்கே மீனாட்சியம்மன் கோவில் தேரோட்டம், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டினார்கள். பதின்மூன்று மணி நேரம். நான் அப்போது வைகைக்கு வடகரையில் ஒரு பள்ளியில் பி2. காலையில் தேர் பார்த்துவிட்டு வந்தவர்கள், அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குப் போகிற வழியில் வந்தவர்கள், கள்ளழகர் வேஷம் போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த தாய்மார்கள். எனக்குப் பிடித்த வாக்குப்பதிவு நாள் அதுதான். கை வலித்தது நிஜம், ஆனால் ஊர் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நேரம் முடிகிறபோது வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. டோக்கனை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கிக் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். கடைசியில் நிற்பவருக்கு ஒன்றாம் எண். அப்போதுதான் பின்னால் புதிதாக யாரும் சேர முடியாது. எல்லோரும் போட்டு முடிந்ததும் 'குளோஸ்' பட்டன். மொத்த ஓட்டையும் 17ஏ பதிவேட்டையும் ஒத்துப்பார்த்து, பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவம் எழுத வேண்டும். அந்தப் படிவத்தின் நகலை ஏஜெண்டுகளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். 2024இல் 17சி பற்றி நாடு முழுக்கப் பேசினார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் அந்த நகலை வாங்க வேண்டிய ஏஜெண்டுகள் பலர் நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள் என்பதை யாரும் பேசவில்லை. கட்சிக்காரர்களே, உங்களிடம் இதைக் கேட்கிறேன். காலை ஐந்தரைக்கு வாருங்கள், 17சி கையில் வாங்கும்வரை இருங்கள். எண்ணிக்கை நடக்கும்போது, மெஷின் காட்டுகிற மொத்தத்தை ஒப்பிட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.

இதன் பிறகும் எங்களுக்கு வேலை முடிவதில்லை. அரக்கு உருக்கி, உறைகள் கட்டி, தலைமை அலுவலர் நாட்குறிப்பு எழுதி, ஜோனல் வண்டி வரக் காத்திருக்க வேண்டும். வண்டி கடைசியாக வருகிற ஊர் நம்முடையதாக இருந்தால் நடுச்சாமம் ஆகிவிடும். மெஷினை ஒப்படைக்கும் வரை போலீஸ் பாதுகாப்பு இருக்கிறது. ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிய அடுத்த நிமிஷம், வீட்டுக்குப் போகிற பொறுப்பு எங்களுடையது. அந்த நேரத்தில் டவுன் பஸ் கிடையாது. கணவரோ தம்பியோ பைக்கில் வந்து நின்றால் உண்டு, இல்லையென்றால் விடியும்வரை அங்கேயே சாக்கு விரித்து உட்கார வேண்டியதுதான். முதல் நாள் ராத்திரி தங்கும் பள்ளிகளிலும் இதே நிலைமைதான். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையில், செல்போன் வெளிச்சத்தில், ஒருத்தி உள்ளே இன்னொருத்தி காவல் என்று மாற்றி மாற்றி நின்றிருக்கிறோம். வாக்காளருக்குச் சாய்தளம், சக்கர நாற்காலி, நிழற்பந்தல் எல்லாம் வந்துவிட்டது, ரொம்ப நல்லது. வேலை பார்க்கும் பெண்களுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஒப்படைத்த பிறகு அவரவர் பகுதிக்குக் கொண்டுவிட ஒரு பஸ் வேண்டும். அடுத்த பயிற்சி வகுப்பின் முடிவில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்பார்கள். அந்தப் பஸ் எத்தனை மணிக்கு, எந்த வாசலிலிருந்து புறப்படும் என்று நான் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.